சுவருக்கு மேலே ஒரு குடைப்பிடி

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே நான் மொட்டு எண்ணிவிடுவேன். வாசல் கதவைத் திறந்து, செருப்புகூடப் போடாமல் ஈர மண்ணில் இறங்கி, செம்பருத்தியில் எத்தனை, ரோஜாவில் எத்தனை, நேற்றுவரை பச்சையாக இருந்த சாமந்தி மொட்டு இன்று நிறம் காட்டுகிறதா என்று பார்த்தால்தான் எனக்குப் பொழுது விடியும். புதிதாக ஏதாவது மலர்ந்திருந்தால் அங்கிருந்தே கூப்பாடு போடுவேன். என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவார். எப்படி இந்த மனிதரால் ஒரு பூவைப் பார்த்துவிட்டு இவ்வளவு அமைதியாக இருக்க முடிகிறது என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

என் மாமனார் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து கட்டிய வீடு இது. வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு துண்டு மண். முப்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து எழுந்தபோதெல்லாம் அந்த மண் என் கண்ணில் படவே இல்லை. ரிடையர் ஆன மறுமாதம் கையில் மண்வெட்டியோடு இறங்கினேன், அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. மஞ்சள் ரோஜா என்று சத்தியம் செய்து நர்சரிக்காரர் கொடுத்த செடி ரோஸ் நிறத்தில் பூத்தது. சண்டை போடப் போய், இன்னும் இரண்டு செடிகளோடு திரும்பி வந்தேன். டேலியாவை மழைக்கால நத்தைகள் ஒரே வாரத்தில் மொட்டையடித்தன. அழுதுவிட்டு மறுபடியும் நட்டேன்.

இதற்கெல்லாம் மேலே எனக்கு ஒரு ஆசை இருந்தது. தசராவுக்கு முன்னால் எங்கள் ஊரில் வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டி வைப்பார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் நடுவர்கள் வீடு தேடி வந்து பார்ப்பார்கள். அதில் 'தோட்டத்தைப் பராமரிப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என் பெயரைக் கட்டம் நிறைய, கொட்டை எழுத்தில் எழுதுவேன். நானும்தானே தண்ணீர்க் குழாயைப் பிடிக்கிறேன் என்று கணவர் ஒருமுறை கேட்டார். குழாய் பிடிப்பவருக்குத் தனிக் கட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் முதல் இரண்டு வருடமும் எனக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது வருடம் வந்த நடுவர் அம்மாள் உள்பக்கமெல்லாம் மெச்சிவிட்டு, சுவரோரம் மாமனார் காலத்திலிருந்தே நின்ற மூன்று செம்பருத்திகளைக் காட்டி, இந்த ஜாதி பூக்காதா என்று கன்னடத்தில் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூக்காமல் என்ன? வருகிறவர் போகிறவர் யாராவது விட்டால்தானே.

எங்கள் ஊரில் விடிகாலை நடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். போகிற வழியில் எந்தச் சுவருக்கு மேலே பூ எட்டிப் பார்க்கிறதோ அது அவர்கள் வீட்டுப் பூஜைக்கு. எட்டாத கிளைக்குக் குடையின் வளைந்த கைப்பிடி. இழுத்து, பறித்து, கவரில் போட்டு, வீட்டுக்காரர் பார்த்தால் குட்மார்னிங்கூடச் சொல்வார்கள். சாமிக்குப் பறிப்பது திருட்டே இல்லை என்பதில் அவர்களுக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. என் கணவரும் அந்தக் கட்சிதான். "ஹோக்லி விடு, சாமிக்குத்தானே" என்பார். போகட்டும் என்பதை மட்டும் அவர் எப்போதும் கன்னடத்திலேயே சொல்வார், அதில்தான் அவருக்கு நிம்மதி. சாமிக்கு வேண்டுமென்றால் சாமியே வந்து கேட்கட்டும் என்பது என் கட்சி.

மூன்றாவது வருடம் நான் ஒரு முடிவோடு இருந்தேன். நடுவர்கள் வர ஒரு மாதம் இருக்கும்போதே, இல்லாத கேமரா இருப்பதாகக் கன்னடத்தில் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். மறுநாளும் பூ போனது. ஐந்தே முக்காலுக்கே எழுந்து தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் செம்பருத்திக்குப் பின்னால் குனிந்து நின்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆபீசில் ஆடிட் நடந்தபோதுகூட எனக்கு அப்படி அடித்ததில்லை. சுவருக்கு மேலே ஒரு குடைப்பிடி முளைத்தது. கிளை வளைந்தது. சட்டென்று எழுந்து அந்தப் பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

மறுமுனையில் இருந்தது ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், கவரில் ஏழெட்டுப் பூ. நான் கன்னடத்தில் கத்த ஆரம்பித்தேன். அவர் பதறிப்போய்த் தமிழில் ஏதோ சொல்ல, நானும் தமிழுக்கு மாறி இன்னும் வசதியாகத் திட்டினேன். அடுத்தவர் வீட்டில் திருடிப் போட்டால் சாமி வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் கவரைத் திறந்து பூவையெல்லாம் சுவர்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, குடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஜெயித்துவிட்ட குஷியில் உள்ளே போய் இரண்டாவது காபி போட்டுக் குடித்தேன்.

அன்றே கணவரை விட்டுச் சுவர் நீளத்துக்கும் பச்சை வலை கட்ட வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நடுவர்கள் வரும்வரை எங்கள் வீட்டிலும் யாரும் ஒரு பூவைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். எங்கள் பூஜைக்குக்கூட இல்லை. வாசலில் அத்தனை பூவை வைத்துக்கொண்டு என் கணவர் பஸ் ஏறி தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் சாமிக்கு உதிரிப்பூ வாங்கி வந்தார். பொட்டலத்தை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று காய்கறிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தார், பாவம். முதல் வாரம் தோட்டம் கல்யாண வீடுதான். சுவர் நெடுகச் சிவப்பு. ரோஜா கொத்துக் கொத்தாக நின்றது. பரிசுக் கப்பை ஷோகேசில் எந்தத் தட்டில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் ரோஜாக்கள் செடியிலேயே கருகி நின்றன, புது மொட்டு வரவில்லை. சாமந்தி நரைத்து விதை கட்டியது. மூன்றாவது வாரம் செம்பருத்தி நுனிகளில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஏதோ. தொட்டால் பிசுபிசுப்பு. மாவுப்பூச்சி. எறும்புகள் வேறு வரிசைகட்டி ஏறின. பதறிப்போய் உச்சி வெயிலில் வேப்பெண்ணெய் அடித்தேன். இலைகள் வெந்து சுருண்டன. மொட்டுகள் மலராமலே உதிர்ந்தன. நடுவர்கள் வர எட்டு நாள் இருந்தது. படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்போதுதான் கணவர் காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"அந்தம்மா பூ மட்டும் பறிக்கல. தெனமும் கிளைய இழுத்து, நுனியில இருக்கற பூச்சியெல்லாம் விரலால தேச்சு விட்டுட்டுத்தான் போவாங்க. காஞ்சத கிள்ளிப் போடுவாங்க. ஜன்னல்லேர்ந்து நான் பாத்திருக்கேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நீ ஆபீஸ் போன காலத்திலிருந்தே என்றார். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ கேட்கவே இல்லையே என்றார். அந்த நிமிஷம் அவர்மேல் வந்த கோபத்தில் பாதிக்குமேல் என்மேல்தான் என்று எனக்கே தெரிந்தது. அவமானமாக இருந்தது. காது வரைக்கும் சுட்டது.

மறுநாள் காலை, நடைக்காரர்கள் சுற்றிவரும் பார்க்கில் போய்த் தேடினேன். மூன்றாவது சுற்றில் அகப்பட்டார். என்னைப் பார்த்ததும் குடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது, திட்டு வாங்கியதெல்லாம் மறந்து எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் மூன்று ஏக்கரில் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் போட்டவராம். இப்போது மகன் வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறார். பால்கனியில் துணி காயப்போடவே இடம் போதவில்லையாம்.

வந்ததும் முதலில் வலையைப் பிய்த்தார். காற்றே போகாமல் கட்டிப்போட்டால் பூச்சிக்குக் கொண்டாட்டம்தான் என்றார். பிறகு செம்பருத்தியைச் சுற்றி வந்து, ஒரு கிளையை முகர்ந்துகூடப் பார்த்துவிட்டு, கத்தரி கேட்டார்.

"பாதிக்கு வெட்டோணுமுங்க. மூணையும். நுனியில ஒண்ணும் வெக்கக்கூடாது."

ஏழு நாளில் நடுவர்கள் வருகிறார்கள் என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவிய வந்து பாத்துட்டுப் போயிருவாங்க. செடிதானுங்க உங்ககூட இருக்கோணும்."

கத்தரி என் கையில்தான் இருந்தது. இரண்டு வருடத் தோல்வி, ஒரு மாதச் சட்டம், ஷோகேசில் துடைத்து வைத்த தட்டு எல்லாம் கண்முன் வந்தது. இப்படியே விட்டால் பத்துப் பூவாவது ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவர்கள் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று புத்தி கணக்குப் போட்டது. மனசு கேட்கவில்லை. கத்தரியை அவரிடம் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. பாதி வெட்டியபின் என்னையும் கூப்பிட்டு, மிச்சத்தை என் கையாலேயே வெட்ட வைத்தார். வெட்டியதையெல்லாம் குவித்து என் கணவர் கொளுத்தினார். அன்று மட்டும் அவர் ஹோக்லி என்று சொல்லவில்லை.

நடுவர்கள் வந்தார்கள். முந்தின வருடம் வந்த அதே அம்மாள்தான். சுவரோரம் நின்ற மூன்று மொட்டைக் கம்புகளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, நோட்டில் எதுவுமே எழுதாமல் பக்கத்தைத் திருப்பினார். அந்த வருடமும் ஆறுதல் பரிசு இல்லை. எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். தசரா ஊர்வலத்தன்றுகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்புகளில் முதலில் ஊசிமுனை அளவு சிவப்பாகத் துளிர். பிறகு இலை. கார்த்திகை பிறந்து சில நாளில் ஒரு காலை கதவைத் திறந்தேன், மூன்று செடியிலும் சேர்த்து முப்பத்தொரு பூ. இரண்டு தடவை எண்ணினேன். நான் போட்ட கூப்பாட்டில் கணவர் வாயைக் கொப்பளிக்காமலே ஓடி வந்தார். இந்த முறை தலையாட்டிவிட்டுப் போகவில்லை, அவரும் ஒரு தடவை எண்ணினார்.

ஆறு மணிக்குச் சுவருக்கு மேலே குடைப்பிடி முளைத்தது. கேட்டைத் திறந்து உள்ளே வந்து பறியுங்கள் என்று கூப்பிட்டேன். அந்த அம்மாள் நகரவில்லை. உள்ளே வந்து பறித்தால் அது என் வீட்டுப் பூவாம், ரோட்டில் நின்று பறித்தால்தான் சாமி கொடுத்ததாம். இது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் வெளியே, நான் உள்ளே, நடுவே சுவர். தினமும் அப்படியே பேசிக்கொண்டு பறிக்கிறோம், பூச்சி தேய்க்கிறோம். ரோஜாவைக் காயவிடாமல் வெட்டச் சொன்னார், வெட்ட வெட்ட அது பூக்கிறது. எதிர்வீட்டு மாமியும் கவரோடு வந்து நிற்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

இந்த வருட விண்ணப்பம் நேற்று வந்தது. வழக்கம்போல ஜம்மென்று உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். விலாசம், செடிகளின் பட்டியல் எல்லாம் வேகமாக எழுதிவிட்டேன். 'தோட்டத்தைப் பராமரிப்பவர்' வந்தது. இந்த முறை என் பெயரைச் சின்னதாக, கட்டத்தின் இடது ஓரமாக எழுதினேன். அதற்குக் கீழே கணவர் பெயரையும் எழுதினேன், அவர் பார்க்காதது மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் பாதிக் கட்டம் காலியாக இருந்தது. அங்கே எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது. நான் ஆபீஸ் போன காலத்திலிருந்து என் செடிகளைப் பார்த்துக்கொண்டவர், ஒரு வருடமாகத் தினமும் பேசுகிறோம், அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டதே இல்லை.

இன்று காலை மொட்டு எண்ண மறந்துவிட்டேன். ஐந்தரைக்கே விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய், குடைப்பிடி வரும் இடத்தில், இந்தத் தடவை சுவருக்கு வெளியே, ரோட்டில் நின்றேன்.