அரிசி டப்பாவில் ஒளித்த மூச்சு

அம்பத்தூர் எஸ்டேட் நிறுத்தத்தில் பஸ் 'புஸ்'ஸென்று காற்றை விடும்போதெல்லாம் அண்ணன் ஞாபகம் வந்துவிடும்.

சின்ன வயதில் அவனுக்கு இழுப்பு. வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் பம்ப் அடித்தால் பழகிவிடும் என்று பயந்து, அம்மா அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். மீசை முளைத்ததும் இழுப்பு தானாக நின்றது. மறந்தே போனோம்.

நாற்பத்தெட்டு வயதில் மாடிப்படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு குழாயில் ஊதச் சொன்னாள்.

"இன்னாமா, டிராபிக் போலீஸ் மாதிரி ஊதச் சொல்ற?" என்று சிரித்தான். சிரிப்பும் பாதியில் நின்றது, ஊதலும் பாதியில் நின்றது.

"எத்தனை வருஷமா சிகரெட்?" என்றார் டாக்டர்.

"தொட்டதே இல்ல சார்."

"சின்ன வயசுல வீசிங் இருந்துச்சா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். மருந்தில்லாமல் சின்ன வயதிலேயே சரியாக வளராத நுரையீரல், இனித் தேயுமே தவிரத் திரும்பாது என்றார் டாக்டர். என் மகளுக்கும் இழுப்பு. அவள் பம்பை, அதே பயத்தில், நான் பீரோவில் பூட்டிவைத்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை. கடைசியாகப் பார்த்த அன்று, எஸ்டேட் நிறுத்தத்தில் ஆவடி பஸ்ஸின் படியில் நின்று, மூச்சு வாங்க வாங்க அவன் கேட்டதுதான் கடைசிப் பேச்சு:

"டேய், பாப்பாவோட பம்ப எங்கடா வெச்சிகீற? அரிசி டப்பாலயா?"