எண்ணெய்க் கிணற்றடி மண்

ஈப்போவில் கடல் கிடையாது. ஆனாலும் நான் நாள் முழுக்கக் கடலடியில்தான் இருக்கிறேன். கிழக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைச் சுற்றி அள்ளிய மண் எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறது. அதைச் சல்லடையில் அலசி, சிற்றுயிர்களுக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, உருப்பெருக்கியின் கீழ் வகை பிரிப்பது என் வேலை. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளும் ஒரு காலத்தில் இப்படிச் சிப்பியும் சேறுமாகக் கிடந்தவைதானே என்று தோன்றும். அப்போது அறையே மெல்ல நீருக்குள் இறங்குவது போலிருக்கும்.

என் அண்ணனுக்கு அப்படியொரு மேடையில்தான் வேலை. கிணறு தோண்டும்போது குழாய்க்குள் செலுத்தும் சேற்றைக் கலப்பவன். அது பாறைத் துகள்களோடு மேலே வரும். மேலே அரித்துப் பிரித்த துகள்கள், ஒட்டிய சேற்றோடு, கடலுக்குள் போகும். விடுப்பில் செமோர் வீட்டுக்கு வந்திருந்தவன், அதனால் கெடுதல் இல்லை என்று என் வாயிலிருந்து கேட்டுவிட்டுத்தான் திரும்ப நினைத்தான்.

சனிக்கிழமை என்னை அழைத்துப் போக வந்தவனை மேற்பார்வை அக்கா உள்ளே விட்டார்.

"பாருங்க தம்பி. ஆனா மூச்ச அடக்கிக்குங்க லா. போன தடவ ஒருத்தர் தும்மி ஒரு கடலே பறந்துபோச்சு."

இரண்டு தட்டுகள் வைத்தேன். மேடைக்குத் தூரத்தில் அள்ளிய மண்ணில் இருந்தவை: மெல்லிய கைகள் விரித்த ஒரு சின்ன நட்சத்திர மீன், கடுகளவு சிப்பிகள், வளைந்த இறால் போன்றவை, மயிர் முளைத்த புழுக்கள், எனக்கே பெயர் தெரியாத ஒன்று. மேடைக்குப் பக்கத்து மண்ணில் இருந்தவை: புழுக்கள். ஒரே வகை, நூல் நூலாக, நெருக்கமாக.

அண்ணன் மாறி மாறிப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"பக்கத்து மண்ணுலதான் நெறைய இருக்கு. அப்பறம் என்ன லா!"

"நெறையத்தான் இருக்கு அண்ணே. சுங்காய்லேர்ந்து தெலுக் இந்தான் போற வழியில என்ன தெரியும்?"

"செம்பனை."

"பச்சையா நெறைய இருக்கே. அத காடுன்னு சொல்வியா?"

சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை மட்டுமே நட்ட தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள்.

"மத்ததெல்லாம் எங்க?"

"அந்தச் சேத்த அதுங்களால தாங்க முடியல. இந்தப் புழு மட்டும் தாங்குது."

"எங்க மேடையா இது?"

"தெரியாது. மேடைப் பேரு வராது, நம்பரும் தூரமும்தான் வரும்."

"இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

அவன் இன்னும் காத்திருந்தான். அவன் கேட்க வந்த சொல் என்னிடம் இல்லை. கடைசியில் தூரத்துத் தட்டின் மேல் மறுபடி குனிந்தான்.

"இந்த நட்சத்திரத்தப் பாக்க மேடையிலேர்ந்து எவ்ளோ தூரம் போகணும்?"

"இத அள்ளுன எடம் அஞ்சு கிலோமீட்டர் தள்ளி."

அக்கா சாவியோடு வந்து வாசலில் நின்ற பிறகும் அவன் நிமிரவில்லை.