லாரித் தூசியில் எழுதிய இங்கிலீஷ்

புழுதி படிந்த கன்டெய்னர் லாரியைக் கண்டால் இன்றும் என் விரல் தானாக நீளும். ஒரகடத்தில் இப்போது மேம்பாலம் நிற்கிற இடம் அப்போது லாரிகள் நிறுத்தும் மண்திடல். கம்பெனி பஸ் வரும்வரை அம்மாவும் அவளோடு கம்பெனி லைனில் வேலை பார்க்கும் அக்காக்களும் டீசல் வாசனைக்கு நடுவே, சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டியதை லாரிக் கதவுத் தூசியில் இங்கிலீஷில் எழுதிப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் திருத்தி, கட்டைவிரலை அழுத்தி முற்றுப்புள்ளி வைப்பேன். ஒருநாள், இன்றைக்கு ஓவர்டைம் பார்க்க முடியாது என்ற வரிக்கு முன்னும் பின்னும் அம்மா ஸாரி போட்டிருந்தாள். இரண்டையும் அழித்தேன்.

"இன்னாடி இது, மரியாதையே இல்லாத மாரி கீது?"

"தப்பு பண்ணாத்தானம்மா ஸாரி?"

அம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள், டிரைவர் லாரியைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை.

அன்று பள்ளி விட்டு வந்தபோது, அம்மா ஓவர்டைம் முடித்து இருட்டிய பிறகே வருவதால் எப்போதும் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீடு திறந்திருந்தது.