ஐம்பது சைக்கிள்

போர்ட் பிளேரில் கல்யாணம் என்றால் முந்தின நாள் சாயந்திரம் பந்தலில் ஒருவன் நின்று "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவன் நான்தான். அதைச் சொல்வதற்காக மெட்ராஸ் போய் மூன்று வருஷம் ஒலிப்பதிவுப் பொறியியல் படித்துவிட்டு வந்தேன். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்களில் பட்டயம் வாங்கியவன் இந்தத் தீவுகளில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெண் வீட்டார் அதைக் கேட்டதும் முதலில் மரியாதை கொடுப்பார்கள். அப்புறம், இவ்வளவு படித்தவன் ஏன் தென்னைமரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிறான் என்று யோசிப்பார்கள். அப்புறம் மரியாதை குறையும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரியில் தீவுக்காரனுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். வேறு யாரும் கேட்காததால் அது எனக்குக் கிடைத்தது. அப்பாவுக்குத் துறைமுக ஸ்டோரில் வேலை. ராமநாதபுரத்திலிருந்து வந்து போர்ட் பிளேரில் மின்னி பே பகுதியில் குடியேறியவர். மகன் இன்ஜினியருக்குப் படிக்கிறான் என்று சொல்லிக்கொள்வார். என்ன இன்ஜினியர் என்று யாராவது கேட்டால் பேச்சைக் கப்பலுக்கு மாற்றிவிடுவார்.

வகுப்பில் எனக்கு வைத்த பெயர் காலாபானி, வெள்ளைக்காரன் காலத்து அந்தமான் ஜெயிலின் பெயர். தாத்தா யாரைக் கொலை செய்துவிட்டு அங்கே போனார் என்று முதல் வாரமே விசாரித்தார்கள். கொலை இல்லை, அப்பா வெங்காய மூட்டை எண்ணுகிறார் என்றேன். அவர்களுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

எனக்கும் மெட்ராஸில் ஒரு ஏமாற்றம் இருந்தது. அங்கே எல்லாப் பாட்டும் கொஞ்சம் வேகமாக இருந்தது. எங்கள் பஜாரில் பாய் தன் கடையில் சாயந்திரமானால் ரெக்கார்டு போடுவார். அதே பாட்டை மெட்ராஸ் டீக்கடையில் கேட்டால் பாடுகிறவருக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். பெரிய ஊர், எல்லாரும் அவசரத்தில் இருக்கிறார்கள், பாட்டும் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒலிப்பதிவு படிக்க வந்தவனின் ஆராய்ச்சி அந்த மட்டில் நின்றது.

கல்லூரியில் ஒரு வழக்கம். கடைசி வருஷம் ஒவ்வொருவரும் தானே ஒரு பதிவு செய்து கொண்டுவர வேண்டும். யாருடையது சிறந்ததோ அவனை ஒரு பெரிய ஸ்டூடியோவில் உதவியாளனாகச் சேர்த்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒருவன்தான். எனக்கு அந்த இடம் வேண்டும். மற்றவர்களுக்கு அது கிடைக்காவிட்டால் மாமா இருந்தார், சித்தப்பா இருந்தார், கோடம்பாக்கம் இருந்தது. எனக்கு நாலு நாள் கப்பலும் அதன் கடைசியில் மைக் செட்டும்தான் இருந்தன.

துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, உன் ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவா, காட்டுவாசிகள் மேளம் மாதிரி எதையாவது என்றார். அவர்களை நான் பார்த்ததுகூட இல்லை, சட்டப்படி பார்க்கப் போகவும் கூடாது என்றேன். பிறகு என்னதான்யா இருக்கிறது உங்கள் ஊரில் என்றார். அக்கா இருக்கிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அக்கா கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையைக் கேலி செய்து பாடுவாள். சொந்தமாகக் கட்டிய பாட்டு. மாப்பிள்ளை மெயின்லேண்ட் கப்பல் மாதிரி: வருகிறேன் என்பான், வரமாட்டான், வந்தாலும் வெங்காயம் இருக்காது. பாதி தமிழ், பாதி எங்கள் பஜார் ஹிந்தி. பெங்காலி வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும்கூட அவளைக் கூப்பிடுவார்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் கொஞ்சம் கரகரக்கும்; அங்கேதான் அழகு.

கல்லூரி டேப் ரெக்கார்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சுவரில் செருகினால்தான் ஓடும். எடையில் அது ஒரு பீரோவின் தம்பி. கப்பலின் கீழ்த்தளத்தில் படுக்கையை அதற்குக் கொடுத்துவிட்டு நான் தரையில் படுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, அக்காவை நடுவில் உட்காரவைத்தேன். அப்பாவை வெளியே அனுப்பினேன். பகலில் பக்கத்தில் கட்டிட வேலை, ஒரே சத்தம். அதனால் வேலை நின்ற பிறகு சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் ஆரம்பித்தோம்.

"மூச்சு விடலாமாடா?" என்றாள் அக்கா.

"மெதுவா விடு."

"உன் காலேஜுக்கு நான் மூச்சு விடுறதுகூட ஆகாதா? சலோ, போடு."

ஒரே மூச்சில் பாடினாள். முடிந்ததும் அங்கேயே திருப்பிப் போட்டுக் கேட்டோம். அப்பா வாசலில் நின்று கேட்டார். கரகரப்பு உட்பட அக்கா அப்படியே இருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எனக்கு ஸ்டூடியோவின் கதவு திறந்துவிட்டது போலிருந்தது.

கல்லூரியில் எல்லாருடைய பதிவையும் வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்பது முறை. எனக்கு முன்னால் ஒருவன் தன் மாமாவின் வயலினைப் பதிந்து வந்திருந்தான். சுத்தமாக இருந்தது, மாமாவும் சுத்தமாக வாசித்தார். அடுத்தது நான். அதே ரெக்கார்டர், அதே டேப். பொத்தானை நானே அழுத்தினேன்.

அக்கா வரவில்லை. யாரோ ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி வந்தாள். மூக்கால் கீச்சென்று மாப்பிள்ளையைத் திட்டினாள். முதல் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். பாதிப் பாட்டில் அந்தச் சிறுமியின் ஸ்ருதி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி. இப்போது எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"யாருப்பா பாடினது?"

"அக்கா சார்."

"என்ன வயசு?"

"இருபத்தாறு சார்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் விளக்கு வைத்ததும் பவர் ஹவுஸ் டீசல் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். விளக்கு மங்கும், மின்விசிறி சோம்பும், பாய் கடைப் பாட்டு இழுக்கும். நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான். யாரும் அதை ஒரு விஷயமாகப் பேசியதில்லை. ரெக்கார்டரின் மோட்டாரும் கரண்ட்டின் துடிப்பை வைத்துத்தான் சுற்றும். வினாடிக்கு ஐம்பது துடிப்பு இருக்க வேண்டும், அதைத்தான் ஐம்பது சைக்கிள் என்பார்கள். எங்கள் ஊரில் அது குறைந்ததால் டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததை மெட்ராஸ் கரண்ட்டில் சரியான வேகத்தில் ஓடவிட்டால் இருபத்தாறு வயது அக்கா எட்டு வயதாகிவிடுவாள். பாதிப் பாட்டில் ஸ்ருதி ஏறியதே, அது பஜாரில் சினிமாக் கொட்டகை முதல் ஆட்டத்துக்கு விளக்குப் போட்டு, கரண்ட் இன்னும் இளைத்த நேரம்.

இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "கரண்ட்டுன்னா ஐம்பது சைக்கிள். இந்தியா பூரா ஐம்பது. உங்க ஊர் இந்தியாவுலதானே இருக்கு?"

"இருக்கு சார். ஆனா சாயந்திரம்..."

"பதிஞ்சப்புறம் போட்டுக் கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"எப்படி இருந்தது?"

பொய் சொல்ல முடியாத இடமாகப் பார்த்துக் கேட்டார். "நல்லா இருந்தது சார்."

"அப்போ கோளாறு கரண்ட்டுல இல்லப்பா. காதுல."

நல்லாத்தான் இருந்தது. அதே இளைத்த கரண்ட்டில் பதிந்து அதே இளைத்த கரண்ட்டில் கேட்டால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அதை நிரூபிக்க ஒரே வழி பவர் ஹவுஸைக் கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்குக் கொண்டுவருவது. கீழ்த்தளத்தில் அதற்கும் படுக்கை கொடுத்துவிட்டு நான் தரையில் படுத்திருப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் வருஷப் பரீட்சையில் வீட்டு மின்சாரத்தின் துடிப்பு எவ்வளவு என்று ஒரு கேள்வி. ஐம்பது, மாறாது என்று எழுதினேன். முழு மதிப்பெண் போட்டார்கள்.

ஸ்டூடியோ இடம் வயலினுக்குப் போயிற்று. அவன் நல்லவன். விடுதியில் என் அறைக்கு வந்து, "உன் அக்கா குரல் ரொம்ப க்யூட்டா இருந்துச்சுடா காலாபானி" என்று ஆறுதல் சொன்னான். பிற்பாடு சில படங்களின் டைட்டிலில் அவன் பெயரைப் பார்த்திருக்கிறேன். பெயர் வருகிற நேரத்தில் எங்கள் கொட்டகையில் ஜனங்கள் இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் நின்று படித்துவிட்டு உட்காருவேன். எனக்குத் தேர்ச்சி மட்டும் கொடுத்தார்கள். டேப்பைத் திருப்பித் தந்தார்கள். ரெக்கார்டரை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கப்பல் ஊர் வந்து சேர்ந்தபோது துறைமுகத்தில் அக்கா வந்து நின்றாள். பெட்டியை இறக்குவதற்கு முன்பே கேட்டாள்.

"என்னடா, என் பாட்டைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"க்யா போலா?"

"ரொம்பச் சின்ன வயசுக் குரல்னாங்க."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு வாரத்தில் மின்னி பே முழுக்க அது தெரிந்தது. மெட்ராஸ் காலேஜில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கேட்டுவிட்டு, சின்னப் பெண் குரல் என்று சொன்னார்களாம். நான் பொய்யே சொல்லவில்லை. இந்த மாதிரி உண்மைகளில்தான் என் பட்டயம் எனக்கு உதவுகிறது. வேலை என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். கரண்ட் சரியில்லை என்றேன். தலையாட்டிவிட்டுக் கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அக்காவை அடுத்த வருஷம் தென்கோடித் தீவில் கேம்பல் பே என்ற ஊரில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் குடியேறிய ஒரு மாஜி ராணுவக்காரருக்குக் கொடுத்தோம். அவள் பாடுவது குறைந்துபோயிற்று. அங்கே கேலி செய்ய மாப்பிள்ளைகள் போதவில்லை என்பாள்.

எழுபதுகள் முடியும்போது பவர் ஹவுஸுக்குப் புது எஞ்சின்கள் வந்தன. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய டேப் ரெக்கார்டர் எனக்குக் கிடைத்தது. அதே மாதிரி, சுவரில் செருகுவது. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். பெட்டியிலிருந்து அந்த டேப்பைத் தேடி எடுத்து, வேண்டுமென்றே சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு போட்டேன். மெட்ராஸில் நிரூபிக்க முடியாததை வீட்டிலாவது நிரூபிக்கலாம் என்ற ஆசை.

விளக்கு மங்கவில்லை; புது எஞ்சின்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. மின்விசிறி ஜோராகச் சுற்றியது. பள்ளிக்கூடத்துச் சிறுமி வந்து மூக்கால் பாடினாள். பாதியில் கொட்டகை விளக்குப் போட்டது, ஸ்ருதி ஏறியது.

அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். நான் அவளைப் பார்க்காமல் சுழலும் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெட்ராஸ்காரங்க சரியாத்தான்டா சொல்லியிருக்காங்க" என்றாள். "எவ்வளவு சின்னக் குரல் பாரு எனக்கு."

நான் சுருளைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"இன்னொரு தடவை போடு" என்றாள்.

போட்டேன்.