காப்புக்கு இடம் விடாத கை

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் மணப்பெண் இரண்டு தடவை உடுப்பாள். மணவறைக்கு வரும்போது ஒரு சேலை. சடங்கின் நடுவில் மாப்பிள்ளையின் கையால் கூறைச் சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதை உடுத்துத் திரும்பி வந்தால்தான் தாலி. இது எனக்குத் தெரியாத விசயமல்ல. பந்தியில் முதல் வரிசை பிடிப்பதற்காகவே எத்தனையோ கலியாணங்களை ஆரம்பத்திலிருந்து பார்த்தவன் நான். ஆனாலும் என் தங்கச்சி முறையானவளுக்குக் கூறையோடு போடும் ரவிக்கைச் சட்டை தைத்தபோது, அந்த இரண்டு உடுப்புகளுக்கும் இடையில் ஐயர் என்ன செய்வார் என்பதை மட்டும் மறந்துபோனேன்.

நல்லூரில் ஒரு ரியூசன் சென்டரில் கணக்குப் படிப்பிப்பது என் தொழில். மிச்ச நேரத்தில் தையல் மெசினில் குந்தி, நாய்க்காது போல நீண்ட கொலர் வைத்த சேட்டு, தோளில் உப்பிய கை என்று பழைய மோஸ்தர்களைத் திரும்பத் தைக்கிறேன். இளசுகள் தேடிவந்து வாங்குகிறார்கள். என் மனைவி மட்டும், "உங்கடை கணக்கும் விளங்காது, தையலும் விளங்காது. ரெண்டுக்கும் ஆக்கள் வருகினம். சனத்துக்கு என்ன விசரோ" என்பாள்.

சித்தப்பாவின் மகள் தன் கலியாணத்துக்கு முன்பு ஒரு நாள் தாயையும் கூட்டிக்கொண்டு வந்து, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். எண்பதுகளில் நடந்த சித்தியின் கலியாணப் படம். வீட்டிலிருந்த அல்பம் போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டது. இந்த ஒரு படம் மட்டும் லண்டனில் ஒரு மாமாவிடம் தப்பிக் கிடந்திருக்கிறது. கூறையில் சித்தி. வலக்கை முன்னால் தெரிந்தது, இடக்கை முந்தானைக்குள். சட்டையின் கை தோளில் பொம்மென்று உப்பி, முழங்கைக்குக் கீழே தோலோடு ஒட்டி, மணிக்கட்டு வரை இறங்கியது. பொத்தான் இல்லை, கொக்கி இல்லை. பார்த்தவுடன் எனக்குக் கை துறுதுறுத்தது.

"அண்ணா, எனக்கு இதே சட்டை வேணும். தாலி ஏறேக்கை அம்மா மாதிரி நிக்கோணும்."

சித்தி படத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பி வைத்தார். "உந்தக் கை வேண்டாம். முழங்கையோடை நிப்பாட்டு."

"ஏன் சித்தி?"

"வேண்டாமெண்டால் வேண்டாம். கேள்வி கேக்காதை."

பழைய படத்தைப் பார்த்து வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டோம்.

மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய துணியில் வெட்டித் தைத்தேன். கணக்கு வாத்தி அல்லவா, கையின் சுற்றளவை இடத்துக்கிடம் அளந்து, இம்மியும் மிச்சம் வைக்காமல் எடுத்தேன். போட்டுப் பார்த்தபோது ஐந்து விரல்களையும் குவித்து நுழைத்தால் கை வழுக்கிக்கொண்டு போனது. "இரட்டைத் தையல் போட்டிருக்கிறன். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது" என்று சொன்னேன். அந்த வாய்க்கு அப்போதே ஒரு தையல் போட்டிருக்க வேண்டும்.

கலியாணத்தன்று என் உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வல்வெட்டித்துறையில் ஒரு பழைய கப்பல்காரரின் பெட்டிக்குள் கிடந்த பெல்பொட்டம் காற்சட்டை. கீழே அகன்று மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டு வந்தது. மேலே, தொடையில், மூச்சு விட இடமில்லை. நின்றால் அழகன். குந்தவே ஏலாது. அதனால் சுவரோரம் சாய்ந்து நின்று, என் சட்டை கூறையோடு வெளியே வரப்போகும் கணத்துக்காகக் காத்திருந்தேன்.

கூறைத் தட்டு சபையைச் சுற்றி வந்தது. எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்தார்கள். தங்கச்சி கூறையை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் அக்காவோடு உள்ளே போனாள். மேளம் முழங்கியது. பிறகும் முழங்கியது. மாப்பிள்ளை மணவறையில் தனியே இருந்து தலைப்பாவைச் சரிசெய்தார். ஐயர் முதலில் கதவைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அக்கா வேகமாக வெளியே வந்தார். "சட்டை தைச்சவர் ஆர்?"

பெருமையோடு கையை உயர்த்தினேன்.

"வாரும் இஞ்சாலை. கை போகுதில்லை."

உடைமாற்றும் அறைக்குள் நான் போக முடியாது. கதவு ஒரு சாண் திறந்தது. அதனூடாக என் தங்கச்சியின் இடக்கை மட்டும் வந்தது. கை என்றா சொன்னேன், பட்டால் செய்த ஒரு குழாய். அதற்குள் விரல்கள் எங்கோ சிக்கித் தவித்தன. மணிக்கட்டு இருக்கும் இடத்தில் ஒரு புடைப்பு. தொட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. காப்பு. மணவறையில் ஐயர் கட்டிவிட்ட நூலும், அதில் முடிந்த மஞ்சள் துண்டும். சடங்கு முடியுமட்டும் அது கழலக்கூடாது. நான் அளந்தது வெறுங்கையை.

"முன்னுக்கும் போகுதில்லை, பின்னுக்கும் வருகுதில்லை அண்ணா," என்றாள் உள்ளிருந்து. "இழுத்தால் நூல் அறுந்திடும் போலை கிடக்கு."

"இழுக்காதை. ஆடாதை."

"காப்பை மெல்லமாக் கழட்டிப்போட்டுப் பிறகு கட்டினால் என்ன?" என்றார் மாப்பிள்ளையின் அக்கா. சொன்னவுடன் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கடை அம்மா கேட்டால் செத்துப்போவா. அப்ப, கையை விடுவிச்சுப்போட்டு மற்றச் சட்டையோடையே கூறையை உடுக்கட்டும்."

"மாட்டன். அம்மான்ரை சட்டை இல்லாமல் நான் வெளியிலை வரமாட்டன்." இப்போது அவள் அழத் தொடங்கியிருந்தாள்.

கத்தரிக்கோல் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. மாப்பிள்ளையின் அக்கா தன் சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தார். தையலைப் பிரிக்க வேண்டுமென்றால் கையின் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். அதற்கு முழங்காலில் நிற்க வேண்டும். நின்றேன். எங்கோ சர்ரென்று ஒரு சத்தம். சட்டையா என்று பதறிப் பார்த்தேன். சட்டை அப்படியே இருந்தது. முதுகுக்குக் கீழே காற்றுப் பட்டது.

எழும்ப நேரமில்லை. ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்கினேன். பக்கத்தில் அடுத்தது. அதன்மேல் இன்னொன்று. எவன் போட்டானோ, யானைக்கென்று போட்டிருக்கிறான். வேர்வையில் ஊசி வழுக்கி ஒருதரம் அவள் தோலில் ஏறியது.

"குத்துது அண்ணா."

"என்னையும் குத்துது பிள்ளை. பொறு."

மண்டபத்திலிருந்து ஐயரின் குரல் வந்தது. "கெதியாப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நேரம் போகுது." மேளம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. நான் பிரித்திருந்தது ஒரு விரல் நீளம்கூட இல்லை. காப்பு நூல் அறுந்தால் போவது தங்கச்சியின் கலியாணம்; துணி கிழிந்தால் போவது அவள் ஆசை; இரண்டுக்கும் நடுவில் என் கையில் ஒரு சேலை ஊசி.

பின்னால் ஒரு நிழல் வந்து நின்றது. சித்தி. திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன்.

"தள்ளு. வெளித் தையலோடை மல்லுக்கட்டிறாய். விளிம்பைத் திருப்பு. உள்நூலின்ரை முடிச்சை அறு."

முடிச்சைப் பல்லால் அறுத்தேன். சித்தி நூலின் நுனியை நகத்தில் பிடித்து, மெல்ல, ஒரே சீராக இழுத்தார். கொர்ரென்று தையல் முழங்கை வரை கழன்று வந்தது. அடுத்த வரியும் அப்படியே. பட்டு இரண்டாக விரிந்தது. மஞ்சள் துண்டும் நூலும் முழுசாக, ஒரு பிசகுமில்லாமல், அவள் மணிக்கட்டில் கிடந்தன. விரல்கள் நீண்டு மூச்சு விட்டன.

"எப்பிடித் தெரியும் சித்தி?"

"எனக்கும் இதே இடத்திலைதான் பிடிச்சது. உவளின்ரை அப்பா அங்கை மணவறையிலை முழிச்சுக்கொண்டிருந்தவர்." சித்தி உள்ளே போகத் திரும்பினார். "நான் ஏன் அந்தப் படத்திலை இடக்கையை ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு நீங்கள் ஒருதரும் கேக்கேல்லை."

"சொல்லியிருக்கலாமே."

"கலியாணத்திலை சட்டை கிழிஞ்சதெண்டு ஆரும் சொல்லுவினமோ? விசரா. பின்பக்கத்தை மூடு."

கதவு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தங்கச்சி கூறையில் வந்தாள், இடக்கையை முந்தானைக்குள் வைத்தபடி, தாய் அன்று நின்ற அதே நிலையில். ஐயர் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டார். கெட்டிமேளம் கேட்டது, தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. சுவருக்கு முதுகைக் கொடுத்தபடி, ஒரு பெரிய குத்துவிளக்குக்குப் பின்னால் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து தாயும் மகளும் படத்துக்கு நின்றபோது, படம் எடுப்பவர் சொன்னார்: "தங்கச்சி, அந்தக் கையை உள்ளுக்கை விடுங்கோ. தையல் விட்டுப்போய்க் கிடக்கு."

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு இடக்கையை வெளியே எடுத்துத் தாயின் தோளில் போட்டாள். முழங்கை வரை விரிந்த பட்டு, தொங்கும் என் இரட்டைத் தையல் நூல், மணிக்கட்டில் காப்பு, எல்லாம் தெரிய. "பரவாயில்லை. இப்பிடியே எடுங்கோ."

சித்தி மகளின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தைச்சவரும் வாங்கோ, சேர்ந்து நில்லுங்கோ" என்று மாப்பிள்ளையின் அக்கா கூப்பிட்டார். அந்தப் படத்தில் நான் இல்லை. சுவரை விட்டு நகரும் நிலையில் நான் இருக்கவில்லை.