அரைக்கம்பத்தில் ஒரு வயலின்

அந்த ஆல்பம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை நண்பன் ஒருவன் சிடியிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுத்தான். ‘போஸ்ட் ராக்’, மேல்நாட்டில் இப்போது இதுதான் புது இசை என்றான். அதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவன் போல நானும் தலையாட்டினேன். பெரம்பலூர் வந்து போட்டுப் பார்த்தால் பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. அடியில் ஓயாத ஒரு ரீங்காரம். அதன் மேல் சில வயலின்கள், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விட மனமில்லாமல் இழுக்கின்றன. ஏதாவது நடக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்ததுதான் நடந்தது.

அதோடு தலைமுழுகியிருப்பேன். வீட்டுக்காரர் விடவில்லை.

கீழே அவருடைய மளிகைக் கடை, பின்னால் அவர் வீடு, மாடியில் நான். ஒரு கட்சியில் வார்டுப் பொறுப்பில் இருந்தார். நகரப் பொறுப்புக்குக் குறிவைத்து, வேட்டிக்கு இப்போதே கூடுதலாகக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. நான் தண்ணீர் செலவழிப்பது அவருக்கு ஆகாது. அவர் மூச்சு விடுவது எனக்கு ஆகாது.

கேசட் ஓடிய அன்று மாலையே படியேறி வந்தார்.

“சார், மோட்டார் போட்டீங்களா?”

“இல்லைங்க.”

“ஓடற சத்தம் கேக்குதே. தொட்டி நெறஞ்சு வழியப்போவுது.”

“அது மோட்டார் இல்லைங்க. பாட்டு.”

நின்று காது கொடுத்தார். “பாட்டா? வார்த்தை எப்ப வரும்?”

“வராதுங்க.”

“அப்பறம் எதுக்குக் கேக்கறீங்க?”

நியாயமான கேள்வி. நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அது அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குள் ஒரு கலாரசிகன் சிலிர்த்துக்கொண்டு எழுந்தான். “உங்களுக்குப் புரியாதுங்க,” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் போட்டேன். கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டேன். அவரும் தினமும் மோட்டாரை அணைக்க ஓடி, அது அணைந்தே இருப்பதைப் பார்த்துவிட்டு, மாடியை நோக்கி என்னவோ சொல்வார். கடைசியில் உத்தரவு வந்தது: “ஒங்க காதுக்கு மட்டும் கேக்கற மாரி வைங்க. இல்லன்னா வூட்டக் காலி பண்ணுங்க.” சத்தத்தைக் குறைத்தேன். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே காரியம் அது.

அந்த வாரம் அவர் கட்சித் தலைவர் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. நான் டேப்பில் பேட்டரி போட்டு, உத்தரவுப்படி மெல்ல வைத்திருந்தேன். ரீங்காரம் மாடியிலேயே அடங்கிவிட, கசிந்த வயலின் மட்டும் கீழே போய்ச் சேரும்போது நாலு வீடு தள்ளி ஏதோ ரேடியோ அழுவது போல் இருந்திருக்கிறது. பெரிய தலைவர் யாராவது போய்விட்டால் ரேடியோவில் பாட்டெல்லாம் நின்று, நாள் முழுக்க சோக வயலின் இழுப்பார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அது கேட்டால் கடையை மூட வேண்டும். பஸ் நிற்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

வீட்டுக்காரர் கட்சி ஆபீசுக்குப் போன் போட்டார். என்கேஜ்டு. மறுபடியும் என்கேஜ்டு. ஊரே துக்கம் விசாரிக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

“ஐயோ, தலைவரே!” என்று அலறல் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடை ஷட்டர் இறங்கியது. வேறு எந்த வார்டும் முந்திக்கொள்வதற்குள் தெருமுனைக் கட்சிக் கொடியை அவரே அரைக்கம்பத்துக்கு இறக்கினார். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். தலைவர் படத்துக்கு மாலையும் ஊதுபத்தியும் வந்தன. வீட்டுக்காரர் படத்தின் முன் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். எனக்கே மனசு கேட்கவில்லை. இறந்தவருக்கு மரியாதையாக டேப்பை நிறுத்தினேன்.

கரண்ட் வந்தது. டீக்கடை டிவியில் தலைவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையசைத்துச் சிரித்தார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அந்த நேரம் பார்த்து, நகரப் பொறுப்புக்குப் போட்டியில் இருந்த இன்னொருவர் பைக்கில் வந்து நின்றார். கொடியைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

“என்னண்ணே, தலைவருக்கு நீங்களே நாள் குறிச்சிட்டீங்களா?”

“வயலின் கேட்டுச்சுய்யா!”

“வயலினுக்கு மாலை போட்டுட்டீங்க. மேளம் கேட்டா தலைவருக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி வச்சுருவீங்க போல!”

தெருவே சிரித்தது. வீட்டுக்காரர் மெதுவாகத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியிருக்கக் கூடாது.

“எறங்கி வாய்யா கீழ, மோட்டார் பாட்டுக்காரா!” ‘சார்’ போய்விட்டிருந்தது.

“நீங்கதானங்க மெதுவா வைக்கச் சொன்னீங்க?” என்றேன், உள்ளேயிருந்தே.

அதற்கு அவர் சொன்னதை அச்சில் போட முடியாது. என் பரம்பரையும் வயலினும் அதில் சம்பந்தப்பட்டிருந்தன.

நகரப் பொறுப்பு பைக்கில் வந்தவருக்குப் போனது. எனக்கு வீடு போனது. அந்தச் செய்தியில் பாதி எனக்கு இன்றும் இனிக்கிறது.

அரியலூரில் ஒரு மாடி கிடைத்தது. குடிபோன அன்றே, வம்புக்கென்று, கேசட்டைச் சத்தமாக வைத்தேன். புது வீட்டுக்காரர் படியேறி வந்தார். சண்டைக்குத் தொண்டையைச் செருமித் தயாராக நின்றேன்.

“நல்லாருக்கு சார்,” என்றார். “கேட்டா அப்படியே தூக்கம் வருது. இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்க.”

மறுநாளே அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு போய், அதன் மேல் சினிமாப் பாட்டுப் பதியக் கொடுத்துவிட்டேன்.