சாரலுக்கு இல்லாத டயர் விதி

விரித்த குடையின் கீழ் நின்றுகொண்டு, மழை பெய்யவில்லை என்று ஒருவர் வாதாடியதை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். யுத்த காலம். குற்றாலத்தில் ஆடி மாதக் கூட்டம். குடை பிடித்திருந்தவர் பஸ் முதலாளி. எதிரில் நனைந்துகொண்டு நின்றவர் எங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர்; வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் அது. நான் அவருடைய குமாஸ்தா. சட்டப் புத்தகம் நனையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அப்போது புது டயர் கிடைப்பது அரிது. அதனால் சென்னை ஒரு சலுகை தந்திருந்தது. பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்ட டயரோடும் பஸ் ஓடலாம். மழைக்காலத்தில் மட்டும் கூடாது. மழைக்காலம் என்றால் ஐப்பசி முதல் மார்கழி வரை. சென்னையில் அப்போதுதான் பெய்கிறது. ஆகவே மாகாணம் முழுவதும் அப்போதுதான் பெய்தாக வேண்டும். ஆனி, ஆடியில் தென்காசிச் சாலையை எண்ணெய் தடவியதுபோல் ஆக்கிவிடும் சாரலைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை.

அன்று எங்களைத் தேடி வந்தவர் அந்த பஸ்ஸின் டிரைவர்தான். நான்கு டயரும் மொட்டை என்றார். "நீங்க நிறுத்துனா நான் பொழச்சேன் அய்யா. நானா நிறுத்துனா நாளைக்கு வேற ஆளு ஓட்டுவான். எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு, உள்ள இருக்கவங்களுக்கும் இருக்கு." குளித்து முடித்தவர்கள் ஈரத் தலையோடு வண்டியை நிறைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லியும் முதலாளி அசையவில்லை. "சட்டத்துல மழைன்னுதான போட்டிருக்கு? இது சாரலுல்லா!"

"அப்படியானால் குடை எதற்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளி சற்று யோசித்து, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல், "மொதலாளி, மூக்குல வடியுதே, அது என்ன, பன்னீரா?" என்றது. அவர் துடைக்கவும் இல்லை. சட்டம் அவர் பக்கம் இருந்தது. அதை நானே பக்கம் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வாதத்தை விட்டுவிட்டார். பிரேக்கை எந்த மாதத்திலும் சோதிக்கலாம். பயணிகளை இறக்கச் சொன்னார். முதலாளியை முன் இருக்கையில் உட்காரவைத்து, தாமும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். "சரிவில் நான் சொன்னதும் பிடி" என்று டிரைவருக்கு உத்தரவு.

"கெட்டியாப் புடிச்சுக்கிடுங்க மொதலாளி" என்று டிரைவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

பிரேக் உடனே பிடித்தது. சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், அரை வட்டம் சுற்றி, பின்சக்கரம் ஓடையில் இறங்க, தென்காசிக்குப் புறப்பட்ட பஸ் குற்றாலத்தைப் பார்த்து நின்றது. முதலாளி கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினார். வெகுநேரம் வானத்தையே பார்த்தார்.

"மழைதான்யா" என்றார். "நல்ல மழை."

டயர் மாற்றும்வரை வண்டி ஓடக்கூடாது என்று முடிவாயிற்று. டிரைவரின் வேலையும் தப்பியது. இப்போது டயருக்கென்று எத்தனையோ விதிகள் வந்துவிட்டன. சாரல் என்ற சொல்லை நான் எதிலும் கண்டதில்லை. அன்று வண்டியை நிறுத்தியதற்குக் காரணம் எழுத வேண்டியவன் நான். பிரேக் கோளாறு என்று எழுதினேன். அந்த வண்டியில் பழுதில்லாமல் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் டயரைக் குற்றம் சொல்ல ஐப்பசி பிறக்க வேண்டியிருந்தது.